இன்டென்டேஷனை எடிட்டரே பார்த்துச் சொல்லட்டும்

கிருஷ்ணகிரியில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பர்கூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கமிருந்து வருபவர்கள்தான் அதிகம். சிலர் கல்லூரியில் படிக்கிறார்கள், சிலர் பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். முதல் வகுப்பில் நான் ஒரு பிரிண்ட் வரிகூட எழுத விடுவதில்லை. எடிட்டரைத் திறந்து இன்டென்டேஷன் (வரியின் முன்னால் விடும் இடம்) செட்டிங்கைச் சரி செய்து, ஸ்டைல் பார்க்கும் கருவி ஒன்றைப் போட்டு, வேண்டுமென்றே ஒரு வரியை மூன்று ஸ்பேஸ் தள்ளி எழுதி, அதன் அடியில் நெளிகோடு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். "அக்கா, இன்னும் ஒண்ணுமே எழுதல, அதுக்குள்ள இது எதுக்கு?" என்று எல்லா பேட்ச்சிலும் யாராவது கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்வி. வகுப்பில் இரண்டு நிமிடத்தில் சொல்லும் பதிலை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன்.

நம் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயன்ஸ் பாடப் புத்தகத்தில்தான் பைத்தானைப் பார்க்கிறார்கள். சி பிளஸ் பிளஸ்ஸில் எது எதற்குள் அடங்கும் என்பதை நெளிவு அடைப்புக்குறி சொல்லிவிடும். வரியின் முன்னால் எவ்வளவு இடம் விட்டாலும், விடாமலே போனாலும், கம்பைலருக்குக் கவலையில்லை. அந்தப் பழக்கத்தோடு வருபவர்களுக்கு முன்னால் விடும் இடம் ஒரு அலங்காரமாகத்தான் தெரிகிறது. பைத்தானில் அந்த இடம்தான் இலக்கணமே. நெதர்லாந்தில் ஏபிசி என்ற மொழியில் வேலை பார்த்த கைடோ வான் ராசம், அங்கிருந்து இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு 1991இல் பைத்தானை வெளியிட்டார். ஒரு வரி முந்தைய வரியைவிட உள்ளே போனால் புது பிளாக், அதாவது ஒன்றாகச் சேர்ந்த வரிகளின் தொகுப்பு, தொடங்குகிறது, வெளியே வந்தால் முடிகிறது. அவ்வளவுதான் விதி.

இதில் பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நான்கு ஸ்பேஸ்தான் விட வேண்டும் என்று பைத்தான் மொழி எங்கேயும் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று விட்டாலும் ஓடும், ஏழு விட்டாலும் ஓடும். ஒரு ஃபங்ஷனில் இரண்டு, அடுத்ததில் ஐந்து என்று எழுதினாலும் ஓடும். ஒரே பிளாக்குக்குள் இருக்கும் வரிகள் ஒரே அளவில் நின்றால் அதற்குப் போதும். நான்கு என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். 2001இல் எழுதப்பட்ட பெப் 8 என்ற ஸ்டைல் வழிகாட்டி அப்படிச் சொல்கிறது, உலகமே கிட்டத்தட்ட அதைப் பின்பற்றுகிறது. ஆக, பைத்தான் தானே பிடித்துக் கொடுக்கும் பிழை கொஞ்சம்தான். மீதியை எடிட்டரிடம் சொல்லி வைத்தால்தான் கண்ணில் படும்.

ஒரு உதாரணம். என் சித்தப்பாவுக்கு மாங்காய் மண்டி இருக்கிறது. சீசனில் தோட்டத்திலிருந்து வரும் லோடுகளை எடை மேடையில் ஏற்றி, வண்டியோடு ஒரு எடை, காலி வண்டிக்கு ஒரு எடை எடுத்து, கழித்து வரும் நிகர எடைக்குப் பணம் போடுவார்கள். பிறகு மொத்தமும் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகக் கொடுப்பேன், எல்லோர் வீட்டிலும் தெரிந்த விஷயம் என்பதால். மொத்தத்தைப் பூஜ்யத்தில் தொடங்கி, ஃபார் லூப்பில் ஒவ்வொரு லோடாக எடுத்து, நிகர எடையைக் கண்டுபிடித்து, மொத்தத்தோடு கூட்டி, லூப் முடிந்ததும் ரிட்டர்ன் செய்ய வேண்டும். மூன்று லோடு, 9.2 டன், 8.6 டன், 10.1 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 27.9.

இதில் கடைசி ரிட்டர்ன் வரி நான்கு ஸ்பேஸ் கூடுதலாக உள்ளே போய், லூப்புக்குள் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? முதல் லோடைக் கூட்டியவுடனே ஃபங்ஷன் திரும்பிவிடும், விடை 9.2. கூட்டும் வரி மட்டும் லூப்புக்கு வெளியே வந்துவிட்டால், லூப் முழுக்க ஓடி முடித்து, கடைசி லோடை மட்டும் ஒரே ஒரு முறை கூட்டும், விடை 10.1. இரண்டு இடத்திலும் எந்த எர்ரரும் வராது. சிவப்பு எழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரு எண் அழகாக வந்து நிற்கும். மண்டியில் அந்த எண்ணை நம்பிச் சீட்டு எழுதினால் யாரோ ஒரு விவசாயிக்குப் பதினேழு, பதினெட்டு டன் மாங்காய்க்குப் பணம் வராது.

எந்த ஸ்டைல் கருவியாலும் இந்தப் பிழையை நேரடியாகப் பிடிக்க முடியாது, ஏனென்றால் இரண்டுமே முறையான பைத்தான்தான். சில இடங்களில் ரிட்டர்ன் லூப்புக்குள் இருப்பதுதான் சரியாகவும் இருக்கும். பிறகு எதற்கு அந்தக் கருவி என்றால், எல்லா வரியும் சரியாக நான்கின் மடங்கில் நிற்கும் ஒரு கோப்பில், தப்பான இடத்தில் நிற்கும் ரிட்டர்ன் படிப்பவர் கண்ணில் பட்டுவிடும். மூன்று, ஐந்து, இரண்டு, ஒரு டேப் என்று கலந்து கிடக்கும் கோப்பில் அதே ரிட்டர்ன் மறைந்துபோகும், யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. எடிட்டரை முதலில் சரி செய்யச் சொல்வதற்கு என் முழுக் காரணமும் இதுதான். அழகுக்காக இல்லை. சின்னக் கோணலையெல்லாம் கருவி பார்த்துக்கொண்டால், அர்த்தம் மாறும் கோணலைப் பார்க்க நம் கண் ஓய்வாக இருக்கும்.

சரி, செட்டிங்குக்கு வருவோம். விஎஸ் கோட் என்ற எடிட்டரை வைத்துச் சொல்கிறேன், வகுப்பில் பெரும்பாலோர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

செட்டிங்ஸ் திறந்து 'டேப் சைஸ்' என்று தேடுங்கள், 4 என்று இருக்க வேண்டும். 'இன்சர்ட் ஸ்பேசஸ்' என்பதில் டிக் இருக்க வேண்டும். அப்போதுதான் டேப் கீயை அழுத்தினால் டேப் எழுத்து விழாமல் நான்கு ஸ்பேஸ் விழும். இவை இரண்டும் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும், பலர் பார்த்துவிட்டு நிம்மதியாக மூடிவிடுவார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, 'டிடெக்ட் இன்டென்டேஷன்'. இது இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும்போது அதன் உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்து, இரண்டு ஸ்பேஸ் போலத் தெரிந்தால் இரண்டு, டேப் போலத் தெரிந்தால் டேப் என்று தானே முடிவெடுத்து, நீங்கள் போட்ட 4ஐ ஒதுக்கி வைத்துவிடும். "அக்கா, நான் நாலுன்னுதான் போட்டேன், டேப் அடிச்சா ரெண்டுதான் போகுது" என்று வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் காரணம். திரையின் கீழ்ப் பட்டியில் 'ஸ்பேசஸ்: 4' அல்லது 'டேப் சைஸ்: 4' என்று ஒன்று தெரியும், அதுதான் இந்தக் கோப்புக்கு இப்போது நடப்பில் இருப்பது. செட்டிங்ஸில் இருப்பதைவிட அந்தப் பட்டியைப் பார்க்கும் பழக்கம் முக்கியம்.

கற்றுக்கொள்பவர்கள் அந்த டிடெக்ட் செட்டிங்கை அணைத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் அணைக்கத் தேவையில்லை, ஏனென்றால் வெளி ப்ராஜெக்டுகளில் வேறு வழக்கமும் இருக்கிறது. டென்சர்ஃப்ளோ என்ற மெஷின் லேர்னிங் ப்ராஜெக்டின் பைத்தான் கோட் இரண்டு ஸ்பேஸ்தான். அங்கே போய் நான்கு போட்டால் நாம்தான் இடைஞ்சல்.

அப்புறம் 'ரெண்டர் வைட்ஸ்பேஸ்'. இதை 'ஆல்' என்று மாற்றுங்கள். ஸ்பேஸ் ஒவ்வொன்றும் மங்கலான புள்ளியாகவும், டேப் ஒரு அம்புக்குறியாகவும் தெரியும். முதலில் திரை அழுக்காக இருப்பது போலத் தோன்றும், இரண்டு நாளில் பழகிவிடும். கண்ணுக்கே தெரியாத ஒரு எழுத்து ஒரு மொழியின் இலக்கணமாக இருக்கும்போது, அதைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதுதான் முதல் மரியாதை. வகுப்பில் இந்தப் புள்ளிகளை மறைக்க நான் அனுமதிப்பதே இல்லை.

இதுவரை எடிட்டர் நாம் அடிப்பதைத்தான் சரியாகப் போடுகிறது. ஏற்கெனவே இருப்பதைச் சரிபார்க்கத் தனிக் கருவி வேண்டும். நான் ஃப்ளேக்8ஐத்தான் முதலில் போடச் சொல்கிறேன். விஎஸ் கோடில் முன்பு பைத்தான் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே லின்டர் (இப்படிச் சரிபார்க்கும் கருவி) செட்டிங் இருந்தது. இப்போது எடுத்துவிட்டார்கள், ஃப்ளேக்8, பைலின்ட், ரஃப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எக்ஸ்டென்ஷன். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து அந்தச் செட்டிங்கைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

ஃப்ளேக்8 உள்ளே பைகோட்ஸ்டைல் என்ற கருவியை ஓட்டுகிறது, இன்டென்டேஷன் பற்றிய எச்சரிக்கை எண்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. ஈ1 என்று தொடங்குபவை இன்டென்டேஷன் குடும்பம். ஈ111 என்றால் நான்கின் மடங்கில் இல்லை. ஈ112 என்றால் பிளாக் வர வேண்டிய இடத்தில் வரவில்லை, ஈ113 என்றால் தேவையில்லாமல் உள்ளே போயிருக்கிறது. ஈ114 முதல் ஈ116 வரை இதே மூன்றும் கமென்ட் வரிகளுக்கு. ஈ117 என்றால் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது, ஒரே படிக்கு எட்டு ஸ்பேஸ் விட்டது போல. ஈ101 என்றால் டேபும் ஸ்பேஸும் கலந்திருக்கிறது, டபிள்யூ191 என்றால் டேப் இருக்கிறது. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஈ111ஐயும் டபிள்யூ191ஐயும் தெரிந்துகொண்டால் தொண்ணூறு சதவீதம் சமாளிக்கலாம், மற்றதை நெளிகோட்டின் மேல் மவுஸை வைத்தால் அதுவே சொல்லும்.

இப்போது ஒரு கண்ணி. யாராவது வரி நீளம் பற்றிய ஈ501 தொந்தரவாக இருக்கிறது என்று, செட்டிங்கில் 'இக்னோர்' என்று எழுதி அதில் ஈ501ஐப் போடுவார்கள். போட்டவுடன் எச்சரிக்கை குறைவதற்குப் பதில் கூடும்! எல்லோரும் குழம்பும் இடம் இது. நடப்பது என்னவென்றால், சில எண்களை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள்: ஈ121, ஈ123, ஈ126, டபிள்யூ503, டபிள்யூ504 மாதிரி. நீங்கள் சொந்தமாக 'இக்னோர்' பட்டியல் எழுதினால் அந்தப் பட்டியல் அழிந்து உங்களுடையது அதன் இடத்தில் உட்காரும், அணைந்திருந்ததெல்லாம் எழுந்துகொள்ளும். இதில் டபிள்யூ503 கூட்டல் குறிக்கு முன்னால் வரியை உடைக்காதே என்கிறது, டபிள்யூ504 பின்னால் உடைக்காதே என்கிறது. இரண்டும் சேர்ந்து எழுந்தால் நீளமான கணக்கை எந்த வழியில் உடைத்தாலும் திட்டு விழும். ஃப்ளேக்8இல் இதற்கு 'எக்ஸ்டென்ட் இக்னோர்' என்று தனியாக இருக்கிறது, அது இருக்கும் பட்டியலோடு உங்கள் எண்ணைச் சேர்க்கும். அதையே எழுதுங்கள்.

தொடர் வரிகள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈ12 குடும்பம்தான் புதியவர்களை அதிகம் அலைக்கழிக்கிறது. அடைப்புக்குறிக்குள் நீளமாகப் போகும் ஒரு ஃபங்ஷன் அழைப்பை அடுத்த வரிக்கு மடக்கும்போது, பைத்தானுக்கு அந்த வரியின் இன்டென்டேஷன் ஒரு பொருட்டே இல்லை, அடைப்புக்குறி மூடும் வரை அது ஒரே வரிதான். ஆனால் படிப்பவருக்குப் பொருட்டு. பெப் 8 இரண்டு வழியை ஏற்கிறது. ஒன்று, திறந்த அடைப்புக்குறிக்கு நேர் கீழே முதல் எழுத்தைப் பிடித்து அடுக்குவது. இன்னொன்று, அடைப்புக்குறியைத் திறந்தவுடனே அந்த வரியில் எதுவும் எழுதாமல் கீழே வந்து, ஒரு படி உள்ளே தள்ளி அடுக்குவது. முதல் வழியில் பாதி, இரண்டாவது வழியில் பாதி என்று கலந்தால் ஈ127, ஈ128 வரும். நான் இரண்டாவதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வழியில் ஃபங்ஷன் பெயரை மாற்றினால், பெயரின் நீளம் மாறி, கீழே உள்ள எல்லா வரியையும் நகர்த்த வேண்டும். எடை என்ற பெயரை நிகர எடை என்று மாற்றியதற்காக ஆறு வரி இடம் மாறினால், கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவி, டிஃப்பில் ஏழு வரி மாறியதாகக் காட்டும், உண்மையில் மாறியது ஒன்று.

இதையெல்லாம் பிளாக் (Black, மேலே சொன்ன வரித் தொகுப்பு இல்லை, ஒரு கருவியின் பெயர்) மாதிரி, கோடைத் தானே அடுக்கிக் கொடுக்கும் ஒரு ஃபார்மேட்டர் போட்டால் தானே செய்துவிடாதா என்று கேட்கலாம். செய்துவிடும். பிளாக்கில் இன்டென்டேஷனுக்குச் செட்டிங்கே கிடையாது, நான்கு ஸ்பேஸ்தான், பேச்சுக்கு இடமில்லை. வேலை செய்யும் டீமில் சேவ் செய்தவுடன் ஃபார்மேட் ஆகிற மாதிரிதான் நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கற்றுக்கொள்பவருக்கு முதல் சில வாரம் அது வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். நெளிகோட்டைப் பார்த்து, ஏன் என்று யோசித்து, பேக்ஸ்பேஸ் அடித்துத் தன் கையால் திருத்தும்போதுதான் எந்த வரி எதற்குச் சொந்தம் என்பது மனதில் ஏறுகிறது. ஃபார்மேட்டர் மூன்று ஸ்பேஸை நான்காக்கும், ஆனால் லூப்புக்குள் போய்விட்ட ரிட்டர்னை வெளியே கொண்டு வராது. அதை அப்படியே பத்திரமாக, நேர்த்தியாக, தப்பான இடத்திலேயே அடுக்கி வைக்கும். இன்டென்டேஷன் எர்ரர் உள்ள கோப்பையோ அது தொடவே தொடாது, ஏனென்றால் அடுக்குவதற்கு முன்னால் அதற்கே கோட் புரிய வேண்டும்.

ரஃப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2022இல் வந்தது, ரஸ்ட்டில் எழுதியது, வேகம் அபாரம். நான் அலுவலக வேலைக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் நான் பயன்படுத்தி வரும் பதிப்புகளில், எந்தச் செட்டிங்கும் எழுதாமல் போட்டால் அது ஈ1 குடும்பத்தைப் பார்ப்பதே இல்லை. ரஃப் போட்டாயிற்று, நெளிகோடு எதுவும் வரவில்லை, எனவே கோட் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. 'எக்ஸ்டென்ட் செலக்ட்' பட்டியலில் ஈ1, டபிள்யூ1 இரண்டையும் சேர்க்க வேண்டும், ஈ111 முதல் ஈ117 வரை உள்ளவற்றுக்கு 'ப்ரிவ்யூ' என்பதையும் ட்ரூ ஆக்க வேண்டும். ரஃப்பின் ஃபார்மேட்டரையும் சேர்த்து ஓட்டுபவர்களுக்கு டபிள்யூ191, ஈ111 போன்றவை தேவையில்லை, ஃபார்மேட்டரே பார்த்துக்கொள்ளும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இனி, இந்தச் செட்டிங்கையெல்லாம் எங்கே எழுதுவது என்பது. உங்கள் கணினியின் எடிட்டருக்குள் எழுதினால் உங்களோடு நின்றுவிடும். கல்லூரி லேபில் வேறு எடிட்டர், நண்பன் லேப்டாப்பில் பைசார்ம், வீட்டில் லேப்டாப் இல்லாதவன் போனில் எழுதிக்கொண்டு வருவான், போன் கீபோர்டில் டேப் கீயே இல்லை. "வீட்ல ஓடுச்சுக்கா, லேப்ல ஓட மாட்டேங்குது" என்ற பேச்சு எல்லாம் இங்கிருந்துதான் பிறக்கிறது. எனவே விதி ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள், கோடோடு சேர்ந்து பயணிக்கும் கோப்பில் இருக்க வேண்டும். ஃப்ளேக்8க்கு டாட் ஃப்ளேக்8 என்ற கோப்பு, அல்லது செட்டப் டாட் சிஎஃப்ஜி, அல்லது டாக்ஸ் டாட் ஐஎன்ஐ. பைப்ராஜெக்ட் டாட் டாம்ல் கோப்பை ஃப்ளேக்8 படிக்காது, ரஃப் படிக்கும். எடிட்டர்களுக்குப் பொதுவாக டாட் எடிட்டர்கான்ஃபிக் என்று ஒரு கோப்பு. அதில் ஃபோல்டரின் உச்சி இதுதான் என்று 'ரூட்' ஒரு வரி, பைத்தான் கோப்புகளுக்கு 'இன்டென்ட் ஸ்டைல்' ஸ்பேஸ், 'இன்டென்ட் சைஸ்' 4, அவ்வளவுதான். பைசார்ம் இதைத் தானே படித்துக்கொள்ளும், விஎஸ் கோடுக்கு எடிட்டர்கான்ஃபிக் எக்ஸ்டென்ஷனைப் போட வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காலி ஃபோல்டரில் இந்த இரண்டு கோப்பும் முன்கூட்டியே இருக்கும்.

காப்பி அடித்து ஒட்டும் கோடைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிடிஎஃப்பிலிருந்தோ ஏதாவது வலைப்பக்கத்திலிருந்தோ காப்பி அடித்து ஒட்டும்போது சாதாரண ஸ்பேஸுக்குப் பதிலாக நான்-பிரேக்கிங் ஸ்பேஸ் என்ற வேறு எழுத்து வந்துவிடும். பார்க்க அச்சு அசலாக ஸ்பேஸ் மாதிரியே இருக்கும். பைத்தான் 3.9 முதல் 'இன்வாலிட் நான்-பிரிண்டபிள் கேரக்டர் யு+00ஏ0' என்று தெளிவாகவே சொல்கிறது. அந்தச் செய்தி வந்தால் மற்ற வரிகளைக் குடைய வேண்டாம், அந்த வரியின் முன்னால் உள்ள இடத்தை மொத்தமாக அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

பழைய கோட் கையில் வந்தால் என்ன செய்வது? சித்தப்பாவின் மண்டிக்கு யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது, பைத்தான் 2 காலத்தது. பைத்தான் 2க்கு ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது, எனவே மாற்றித்தான் ஆக வேண்டும். பைத்தான் 3இல் ஓட்டினால் முதல் அடியிலேயே டேப் எர்ரர். திறந்து பார்த்தால், காலி வண்டி எடை விட்டுப்போன லோடுகளைத் தனியாகக் கையாளும் ஒரு இஃப் பிளாக்கில், ஒரு வரிக்கு முன்னால் எட்டு ஸ்பேஸ், அடுத்த வரிக்கு முன்னால் ஒரே ஒரு டேப். பைத்தான் 2இல் டேப் என்றால் எட்டின் அடுத்த மடங்குக்குத் தாவும், எனவே அதற்கு இரண்டும் ஒரே ஆழம், இரண்டும் இஃப்புக்குள். ஆனால் டேப் சைஸ் 4 என்று வைத்திருக்கும் என் எடிட்டரில் இரண்டாவது வரி நான்காம் இடத்தில், அதாவது இஃப்புக்கு வெளியே நிற்பது போலத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, இத்தனை வருடம் ஓடியது வேறு. பைத்தான் 3 இந்தக் கலவையை ஏற்க மறுப்பதற்குக் காரணமே இதுதான், டேபுக்கு எத்தனை இடம் என்று ஊகித்தால்தான் அர்த்தம் கிடைக்கும் என்றால் அது ஓட மறுத்துவிடுகிறது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு 'கன்வர்ட் இன்டென்டேஷன் டு ஸ்பேசஸ்' கட்டளையைக் கொடுத்துவிடக் கூடாது. அந்தக் கட்டளை, எடிட்டரில் அப்போது இருக்கும் டேப் சைஸை வைத்துத்தான் டேபை ஸ்பேஸாக்கும். 4 என்று இருக்கும்போது கொடுத்தால் அந்த வரி நிஜமாகவே இஃப்புக்கு வெளியே வந்துவிடும். பைத்தான் 3 சந்தோஷமாக ஓட்டும், கணக்கு மாறியிருக்கும். எனவே முதலில் கீழ்ப் பட்டியில் டேப் சைஸை 8 ஆக்கி, அடுக்கு சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து, பிறகு மாற்ற வேண்டும், மாற்றிய பின் 4க்குத் திரும்ப வேண்டும். மூன்று மேற்கோள் குறிக்குள் இருக்கும் நீளமான எழுத்துகளில் வரித் தொடக்கத்தில் டேப் இருந்தால் அதுவும் ஸ்பேஸாகிவிடும் என்பதையும் கவனியுங்கள், அது டேட்டா. மாற்றிய பிறகு 'கிட் டிஃப்' கட்டளையை மைனஸ் டபிள்யூவோடு ஓட்டிப் பார்க்கலாம். ஸ்பேஸ் மாற்றங்களை ஒதுக்கிவிட்டுக் காட்டும், எனவே வெறும் இன்டென்டேஷன் மட்டும் மாறியிருந்தால் எதுவுமே காட்டாது. அதோடு நிறுத்தாமல், பிரிண்ட் கட்டளை, வகுத்தல் போன்ற பைத்தான் 3 மாற்றங்களைத் தனியாக முடித்து, போன சீசனின் எடைச் சீட்டுகளை மறுபடி உள்ளே கொடுத்து, பழைய நோட்டில் எழுதிய மொத்தத்தோடு ஒத்துப் போகிறதா என்று சித்தப்பாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். ஒத்துப் போனது.

இப்படி மொத்தக் கோப்பையும் மாற்றும் கமிட்டை (கிட்டில் ஒரு மாற்றத்தைப் பதிவது) தனியாகப் போடுங்கள், வேறு எந்த மாற்றத்தையும் அதில் கலக்காதீர்கள். பிறகு எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் 'கிட் பிளேம்' பார்க்கும்போது எல்லா வரியும் உங்கள் பெயரில் நிற்காமல் இருக்க, அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி 'இக்னோர் ரெவ்ஸ் ஃபைல்' என்று கிட்டுக்குக் காட்டலாம், கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது.

பள்ளி லேபில் பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டர் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 'ரன்' மெனுவில் 'செக் மாட்யூல்' கொடுத்தால் இலக்கணப் பிழையோடு சேர்த்து டேப் கலப்பையும் பார்த்துச் சொல்லும். 'ஃபார்மேட்' மெனுவில் 'அன்டேபிஃபை ரீஜன்' டேபை ஸ்பேஸாக்கும், எத்தனை இடம் என்று கேட்கும்போது மேலே சொன்னதை நினைவில் வையுங்கள். எந்த எடிட்டரும் இல்லாமல் கட்டளை வரியில் பார்க்க, பைத்தானோடு கூடவே வரும் டேப்நானி என்ற மாட்யூல் போதும், பைத்தான் மைனஸ் எம் டேப்நானி என்று எழுதிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் தடுமாறும் வரி எண்ணைக் காட்டிவிடும். பைசார்மில் செட்டிங்ஸ், எடிட்டர், இன்ஸ்பெக்‌ஷன்ஸ், பைத்தான் என்று போனால் பெப் 8 கோடிங் ஸ்டைல் என்று இருக்கும். அது மிக மங்கலான எச்சரிக்கையாக வைக்கப்பட்டிருக்கும், 'வார்னிங்' என்று உயர்த்தி வையுங்கள். ஸ்பைடர் எடிட்டரில் கோட் ஸ்டைல் லின்டிங் அணைந்திருந்தால் ப்ரிஃபரன்சஸில் 'கம்ப்ளீஷன் அண்ட் லின்டிங்' பகுதிக்குள் போய் ஆன் செய்ய வேண்டும்.